கல்லாவில் அமர்ந்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிறு உணவக முதலாளிகளுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் உங்களில் நாற்பது பேர் ஒரு மண்டபத்தில் கூடினீர்கள். ‘ஊழியர்களை ஊக்குவிப்பது எப்படி’ என்று பேச்சு. நாற்காலி போடவும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கவும் என் முதலாளி என்னை அழைத்துப் போயிருந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றபடி ஒன்றரை மணி நேரமும் கேட்டேன். பேச வந்தவர் நன்றாகத்தான் பேசினார். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று ஒருவர் படத்தைச் சுவரில் மாட்டுங்கள், பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், சிரித்த முகத்தோடு பழகுங்கள் என்றார். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “எல்லாம் செய்து பார்த்தாயிற்று. சாப்பாடு போடுகிறேன், தங்க இடம் கொடுக்கிறேன், கேட்ட நேரத்தில் முன்பணம் தருகிறேன். ஆறு மாதம் தாங்குவதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் மனமே இல்லை” என்றார். மண்டபம் முழுக்கத் தலையாட்டியது.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. தண்ணீர் பாட்டிலோடு நிற்பவனிடம் யார் மைக்கைக் கொடுப்பார்கள்? நானும் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் 18 ஆண்டுகளாகச் சிறிய உணவகங்களில்தான் இருக்கிறேன். ஐந்து மேசைக் கடை, பத்து மேசைக் கடை. பாத்திரம் துலக்குவதில் தொடங்கி, மேசை துடைத்து, காய் நறுக்கி, பரிமாறி, இப்போது கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இரவில் கல்லாக் கணக்கும் என் கையில். இதுவரை நான்கு முதலாளிகள். முதலாமவரிடம் 11 மாதம் இருந்தேன். மூன்றாமவரிடம் 9 ஆண்டு. முதலாமவரைக் கேட்டால் என்னைச் சோம்பேறி என்பார். மூன்றாமவர், அவன் இருந்தால் நான் கடைப் பக்கமே வர வேண்டாம் என்பார். இரண்டு பேருமே பொய் சொல்பவர்கள் அல்லர். ஆள் ஒருவன்தான், ‘மனம் இல்லை’ என்ற அந்தப் பேச்சு எனக்கு இடித்தது அதனால்தான்.

பெரிய ஹோட்டல்களில் எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு. நியமனக் கடிதம், விடுப்புப் படிவம், பதவி உயர்வுக்கு ஒரு விதி, புகார் சொல்ல ஓர் அறை. நம் கடைகளில் காகிதம் கிடையாது. இருப்பது உங்கள் வாய்ச்சொல் ஒன்றுதான். ஐந்தாம் தேதி சம்பளம் என்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொள் என்கிறீர்கள். ஆறு மாதம் போகட்டும், அடுப்பில் நிற்க விடுகிறேன் என்கிறீர்கள். எங்களுக்கு ஒப்பந்தமும் சட்டமும் எதிர்காலமும் அந்தச் சொற்கள்தான். அவை நிற்கிற கடையில் நாங்களும் நிற்கிறோம். படமும் பிறந்தநாள் வாழ்த்தும் பிறகு வரட்டும்.

சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன். என் முதல் முதலாளி கொடுத்த சம்பளம் பக்கத்துக் கடைகளைவிட அதிகம். அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஐந்தாம் தேதி என்பது ஒன்பதாகும், பதினொன்றாகும். அதுவும் ஒரே தடவையில் வராது. “இப்போதைக்கு இதை வைத்துக்கொள்” என்று பாதி. ஐந்தாம் தேதி இரவு நான் கல்லா அருகே போய் நிற்பேன். கேட்க வாய் வராது. கையில் துணி இருக்கும். கல்லா மேசையின் ஓரத்தைத் துடைப்பேன். அவர் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பார், தலை நிமிராது. துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பேன். வெளியே சாப்பிட்டு முடித்த யாராவது பில் கொடுக்க வந்தால் விலகி நின்று, அவர் போன பிறகு மீண்டும் அதே ஓரம். மாதத்தில் நான்கைந்து நாட்கள் அந்த ஓரம் பளபளத்தது போல் அந்தக் கடையில் வேறெதுவும் பளபளத்ததில்லை. உழைத்த பணத்தை இரந்து வாங்குவது போன்ற அந்த நிற்பு, மறுநாள் காலை பாத்திரத் தொட்டி முன் நிற்கும்போதும் காலோடு வரும். அதைத்தான் அவர் சோம்பல் என்று படித்துக்கொண்டார்.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயர் அன்றைய பேச்சில் வந்தது. பிட்ஸ்பர்க் பகுதியில் பொறியாளர்களும் கணக்கர்களுமாகச் சுமார் 200 பேரிடம், வேலையில் மிகவும் மகிழ்ந்த தருணத்தையும் மிகவும் மனம் கசந்த தருணத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்டு, 1959இல் முடிவுகளை வெளியிட்டவர். கசப்புக்குக் காரணமாக வந்தவை பெரும்பாலும் நிர்வாக விதி, மேலாளரின் போக்கு, சம்பளம், வேலைச் சூழல். மகிழ்ச்சிக்குக் காரணமாக வந்தவை சாதித்த நிறைவு, பாராட்டு, வேலையே தரும் ருசி, பொறுப்பு. ஆகவே சம்பளம் கசப்பைத் தடுக்கும், ஆனால் அதுவே ஊக்கம் தராது என்பது அவர் வாதம். பேச்சாளர் இதைச் சொன்னதும் உங்களில் பலர் முகம் மலர்ந்ததைப் பின்னாலிருந்தே பார்த்தேன். ஐயா, ஹெர்ஸ்பெர்க் கேட்டது கணக்கர்களிடமும் பொறியாளர்களிடமும். அவர் பாத்திரத் தொட்டிப் பக்கம் வந்து கேட்கவில்லை. அவர் கணக்குப்படியே பார்த்தாலும் கசப்பை நீக்கிய பிறகுதான் இனிப்பைப் பற்றிய பேச்சு. ஒன்பதாம் தேதி பாதிச் சம்பளம் வாங்கியவனின் படத்தைச் சுவரில் மாட்டினால், அவன் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மீதிப் பாதியைத்தான் நினைப்பான்.

அடுத்தது நேரம். வேலை கடினம் என்று எங்களில் யாரும் ஓடுவதில்லை. மதியக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் ஓடுவது ஒரு வகையில் பிடிக்கவே செய்யும். எல்லாம் கைகூடி வந்த நாளில் வியர்வையோடு ஒரு கர்வமும் வரும். ஆளைக் கொல்வது, இன்று எப்போது வீட்டுக்குப் போவோம் என்று தெரியாதது. பத்து மணிக்கு முடியும் என்பீர்கள். ஒன்பதே முக்காலுக்கு எட்டுப் பேர் உள்ளே வருவார்கள். “அவர்களையும் பார்த்துவிட்டுப் போ” என்பீர்கள். வாரத்தில் ஒரு நாள் என்றால் சரி. தினமும் என்றால் பத்து மணி என்ற சொல்லுக்கு என்ன பொருள்? மதியத்துக்கும் மாலைக்கும் நடுவே இரண்டரை மணி நேர இடைவெளி இருக்கிறது. வீட்டுக்குப் போய்வர நேரம் போதாது. கடையில் கிடந்தால் ஏதாவது ஒரு வேலை ஒட்டிக்கொள்ளும். அது வேலைக் கணக்கிலும் வராது, ஓய்வுக் கணக்கிலும் வராது.

உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் என்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1991இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதன் எண் 172. வேலை நேர அட்டவணையை முடிந்தவரை முன்கூட்டியே தொழிலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் அடிப்படை ஊதியம் ஒழுங்கான இடைவெளியில் தரப்பட வேண்டும் என்றும் இருக்கிறது. அதை ஏற்று ஒப்பமிட்ட நாடுகள் சிலதான். ஒப்பமிடாத நாட்டில் கடை நடத்துபவர் அதைப் பின்பற்றக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை.

என் மூன்றாம் முதலாளிக்கு அந்த உடன்படிக்கை தெரியாது. மளிகை வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் ஞாயிறு இரவு மறு வாரத்துக்கான நேரத்தை எழுதிச் சமையலறைக் கதவில் ஆணியடித்து மாட்டுவார். எழுத்து கோழி கிண்டியது போல் இருக்கும். ஆனால் அதில் இருந்தது நடந்தது. மாற்ற வேண்டி வந்தால் எங்களிடம் வந்து, “வியாழன் மாலை உனக்கு முடியுமா?” என்று கேட்பார். முடியாது என்றால் வேறு ஆளைக் கேட்பார். முகம் தூக்க மாட்டார். மகளின் பள்ளிக்கூட நிகழ்ச்சிக்கு நான் வாழ்க்கையில் முதல்முறையாகப் போனது அந்த அட்டையால்தான். அவரிடம் என் சம்பளம் முதல் கடையைவிடக் குறைவாகத்தான் தொடங்கியது.

கூச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்ட நேரத்தில் கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடக்கும் சண்டை எல்லாக் கடைக்கும் பொது. பரிமாறுகிற சின்னப் பையன் வந்து “மாஸ்டர், மூன்றாம் மேசைக்கு சீக்கிரம்” என்று கத்துவான். இருபது வருடம் அடுப்பில் வெந்தவருக்கு அவன் குரல் கட்டளையாகக் கேட்கும். வேண்டுமென்றே அதைக் கடைசியில் வைப்பார். இவன் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவான். நடுவில் நீங்கள் வந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கத்துவீர்கள். மாலையில், எவனுக்கும் பொறுப்பில்லை என்று வருத்தப்படுவீர்கள்.

1940களில் வில்லியம் ஃபுட் ஒயிட் என்ற சமூகவியலாளர் சிகாகோ உணவகங்களில் இதையே உட்கார்ந்து பார்த்தார். பரிமாறும் பெண்கள் சமையல்காரர்களுக்கு ஆர்டர் சொல்கிறார்கள். சமையல்காரர்களோ தங்களை அந்தப் பெண்களைவிட ஒரு படி மேலாக நினைப்பவர்கள். கீழிருந்து மேலே கட்டளை போவதால் வரும் எரிச்சல் இது என்று கண்டார். சில கடைகளில் இதற்கு இருந்த மருந்து என்ன தெரியுமா? பில்லைக் குத்தி வைக்கும் கம்பி. ஆர்டரைச் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்திவிட்டு வந்துவிட வேண்டும். சமையல்காரர் வரிசையாக எடுத்துச் செய்வார். முகத்துக்கு முகம் கத்த வேலை இல்லை. நாங்கள் அதை ஒரு கயிறும் துணிக் கிளிப்புகளும் வைத்துச் செய்தோம். முதல் வாரம் மாஸ்டர் கேலி செய்தார். பிறகு ஒரு நாள் ஒரு பையன் தன் சீட்டை வரிசையில் முன்னால் நகர்த்தப் பார்த்தபோது, “வரிசை வரிசைதான்” என்று அவரே கையைத் தட்டிவிட்டார். கயிற்றில் தொங்கிய வரிசையும் ஒரு வாக்குத்தானே. அதை யாரும் மீற முடியாது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் கோபம் இறங்கிவிட்டது. ஆள் மாறவில்லை, ஊக்க உரை எதுவும் நடக்கவில்லை.

ஒயிட் இன்னொன்றும் கவனித்தார். திறமையான பரிமாறும் பெண், வாடிக்கையாளர் தன்னை ஆட்டி வைக்கும் முன் தானே முந்திக்கொள்கிறாள். உட்காரச் சொல்வது, பட்டியலை நீட்டுவது, என்ன வேண்டும் என்று கேட்பது எல்லாம் அவள் கையிலிருந்து தொடங்குகிறது. இதைப் படிக்காமலே எங்களில் எல்லோருக்கும் தெரியும். மேசை என் பொறுப்பு என்று நினைக்கிறவனுக்குக் களைப்பு பாதி. அந்தப் பொறுப்பை நீங்கள் தர வேண்டும், தந்ததைப் பிடுங்காமலும் இருக்க வேண்டும், இரண்டாவதுதான் கடினம். “வாடிக்கையாளர் குறை சொன்னால் உனக்கு நியாயம் என்று படுவதைச் செய், என்னைக் கேட்க வேண்டாம்” என்று என்னிடம் சொன்னார் மூன்றாமவர். இப்படிச் சொன்ன வேறு முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். முதல் தடவை செய்ததும், யாரைக் கேட்டுச் செய்தாய் என்பார்கள். ஆறாம் மேசைக்காரர் ஆறிப்போயிருக்கிறது என்றார் என்று ஒரு தட்டை எடுத்துவிட்டுப் புதிதாகக் கொடுத்தேன், பில்லிலும் சேர்க்கவில்லை. அன்றிரவு கணக்கில் அதைப் பார்த்த மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார். நான்கு நாள் கழித்து, “அந்த ஆறாம் மேசைக்காரர் திரும்ப வந்தாரா?” என்று மட்டும் கேட்டார். வந்திருந்தார். நான் அதற்குப் பிறகு அந்தக் கடையை என் கடை போலப் பார்த்தேன் என்று சொன்னால் மிகையாகிவிடும். கடை அவருடையதுதான், லாபமும் அவருடையதுதான். ஆனால் அந்தப் பத்து மேசையும் என்னுடையவை.

டிப்ஸ் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. டிப்ஸ் வருகிறதே, அதுவே ஊக்கம்தானே என்கிறீர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். பரிமாறுதலின் தரத்துக்கும் வருகிற டிப்ஸுக்கும் உள்ள தொடர்பு மிகவும் மெலிது என்பதே அவர் கண்டது. எங்கள் அனுபவமும் அதுதான். நன்றாகப் பார்த்துக்கொண்டவர் ஒன்றும் வைக்காமல் போவார், முகம் பார்க்காதவர் நோட்டு வைப்பார். மழைக்கு நன்றி சொல்லி யாரும் உழுவதில்லை. டிப்ஸில் மனம் உடைவது பங்கில்தான். பெட்டியில் சேர்வதைப் பாத்திரம் துலக்குபவருக்கும் பிரிப்பேன் என்றீர்கள் அல்லவா? பிரியுங்கள், எல்லோர் கண் முன்னும் எண்ணிப் பிரியுங்கள். சில்லறை இல்லை என்று அந்தப் பெட்டியில் கைவிட்டு எடுத்து, பிறகு போடுகிறேன் என்பவர்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் போட்டீர்களா இல்லையா என்று ஐந்து ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இளைஞர்கள் ஏன் நிற்பதில்லை என்பதற்கு நான் கண்ட பெரிய காரணம் கற்றுக்கொடுக்காமைதான். பாத்திரம் துலக்க வரும் ஒவ்வொருவனும் ஓரக்கண்ணால் அடுப்பைத்தான் பார்க்கிறான். நவீன உணவகச் சமையலறையின் அமைப்பையே மாற்றிய பிரெஞ்சுச் சமையல் மேதை எஸ்கோஃபியே, 1859இல் 13 வயதில் உறவினர் ஒருவரின் உணவகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தவர். (13 வயதுப் பிள்ளையை வேலைக்கு வைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.) ஆறு மாதம் போகட்டும் என்கிறீர்கள். பையன் நாள் எண்ணுகிறான். ஆறாம் மாதம் கேட்டால், தொட்டிக்கு ஆள் கிடைக்கட்டும் என்கிறீர்கள். தொட்டியில் அவன் நன்றாக வேலை செய்வதே அவனுக்குத் தடையாகிவிடுகிறது. மட்டமாகச் செய்திருந்தால் ஒருவேளை மாற்றியிருப்பீர்கள். கற்றுக்கொண்டால் போய்விடுவான் என்ற பயம் உங்களுக்கு. போவான்தான். அடுப்பு கற்றவன் மூன்று வருடத்தில் போவான், கற்காதவன் ஏழாம் மாதமே போவான். கணக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும்.

உங்கள் பாடு தெரியாமல் எழுதவில்லை. இரவு கணக்கு எழுதுகிறவன் நான். வாடகை, எரிவாயு, வீணாய்ப் போனது எல்லாம் போகச் சில மாதங்களில் மாஸ்டர் வாங்குவதைவிடக் குறைவாக என் முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகிறார். எங்கள் பக்கமும் சுத்தமில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்கள் உண்டு. நானே முதல் கடையை விட்டது ஒரு சனிக்கிழமை இரவு, யாரிடமும் சொல்லாமல். மறுநாள்தான் வாரத்தின் பெரிய கூட்டம். அவர் சொல் நிற்கவில்லை என்று குறை சொல்லும் நான், என் சொல்லை அப்படித்தான் விட்டுவிட்டுப் போனேன். அன்று யார் தொட்டியில் நின்றிருப்பார் என்று இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் நினைப்பேன். பெரும்பாலும் அவரேதான் நின்றிருப்பார்.

தொட்டி என்றதும் இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. மூன்றாம் கடையில் பாத்திரத் தொட்டி தாழ்வாக இருந்தது. துலக்கிக்கொண்டிருந்தவர் நல்ல உயரம். எட்டு மணி நேரம் குனிந்தே நிற்பார்; இரவில் நிமிரும்போது இடுப்பில் கைவைத்துக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வார். இரண்டு முறை முதலாளியிடம் சொன்னார். “பார்க்கிறேன்” என்றார் முதலாளி. அந்தச் சொல்லின் பொருள் எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லை. முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே நின்றார். இரண்டு மணி நேரம் பேச்சு மூச்சு இல்லை. கடை மூடியபோது அவரும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார், எங்களைப் பார்த்தார், நாங்கள் வேறெங்கோ பார்த்தோம். அடுத்த வாரம் நான்கு செங்கல், கொஞ்சம் சிமென்ட், ஒரு கொத்தனார், அரை நாள் வேலை. தொட்டி ஒரு சாண் உயர்ந்தது. காய்ச்சல் தீர்ந்து வந்தவர் தொட்டியை ஒரு முறை தட்டிப் பார்த்தார், தண்ணீரைத் திறந்துவிட்டார். நன்றி எதுவும் சொல்லவில்லை. நான் அந்தக் கடையை விட்டபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.

உங்கள் அடுத்த கூட்டத்திலும் தலைப்பு இதுவேதான் என்று கேள்விப்பட்டேன். நாற்காலி நானே போடுகிறேன். இந்த முறை பின்வரிசையில் நாற்பது அதிகமாகப் போட்டு வைப்பேன். வரும்போது உங்கள் கடையில் பாத்திரம் துலக்குபவரையும் அழைத்து வாருங்கள். மைக் அவர்கள் பக்கமும் போகட்டும். அந்த ஒன்றரை மணி நேரம் தொட்டியில் யார் நிற்பது என்பதை நீங்கள்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தண்ணீர் பாட்டிலோடு நின்றவன்